மழை நனைக்காத சுவர்

அத்தியாயம் 7

ஆகஸ்ட் மாதத்து அல்ஜியர்ஸில் ஒரு சுவர் நனைந்திருந்தால் யாரோ அதை நனைக்கிறார்கள் என்று அர்த்தம். அதில் மொக்ரானுக்குச் சந்தேகம் இல்லை. யார் என்பதுதான் பாக்கி.

சுவரில் வைத்திருந்த உள்ளங்கையை எடுத்துப் பார்த்தார். ஈரமண் அப்பிக்கொண்டு வந்தது. செங்கற்களுக்கு நடுவே இருந்த சுண்ணாம்பை நகத்தால் கிள்ளினார். ஊறின ரொட்டி மாதிரி பிய்ந்தது.

"சுவத்துக்குக் காய்ச்சலா, ஸி மொக்ரான்?" என்றாள் ஹூரியா. "வந்ததுலேருந்து தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க."

"காய்ச்சல்னா சுடணும். இது வேர்க்குது."

"பயத்துல வேர்க்கும். உங்க மூஞ்சிய இவ்வளவு கிட்டத்துல பாத்தா யாருக்குத்தான் வேர்க்காது?"

மொக்ரான் அடுத்த செங்கல்லின் பக்கம் நகர்ந்தார். காவல்துறையில் முப்பது வருஷம் பதில் சொல்லாமலே கேள்வி கேட்டுப் பழகியவர். ஓய்வு பெற்ற பிறகு பாப் எல் உயெத் பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மாடியில் இரண்டு நாற்காலி போட்டுச் சொந்தமாகத் துப்பறிகிறார். இரண்டாவது நாற்காலி ஹூரியாவுடையது. டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவள். ஒரு வழக்குக்காக அவரை நாள் முழுக்க ஏற்றிக்கொண்டு சுற்றியபோது, முன்சீட்டிலிருந்தே பாதி வழக்கை முடித்து வைத்துவிட்டாள். அன்றோடு டாக்ஸி போயிற்று. வாய் மட்டும் கூடவே வந்துவிட்டது. மரியாதைக்கு அவரை ஸி என்று அழைப்பாள், அதோடு மரியாதை முடிந்தது.

அவர்கள் நின்றிருந்தது அல்ஜியர்ஸின் பழம்பேட்டையான கஸ்பாவின் மேல்பகுதியில் ஒரு பழைய வீட்டின் பின்பக்கச் சமையலறை. புறா வீடு என்று பெயர். நடுவில் முற்றம், சுற்றிலும் இரண்டு அடுக்கு மாடத் தாழ்வாரம், நீல ஓடு பதித்த படிகள், முற்றத்து நடுவில் சலவைக்கல் நீரூற்று. இதெல்லாம் ஒரு காலத்தில். இப்போது தாழ்வாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தவை மரக்கட்டைகள். நீரூற்றுத் தொட்டிக்குள் ஒரு கேஸ் சிலிண்டரும் வெங்காய மூட்டையும் இருந்தன. மற்றக் குடித்தனங்கள் ஒவ்வொன்றாகக் காலி செய்துவிட்டுப் போக, எஞ்சியிருந்தது லல்லா என்று மரியாதையாக அழைக்கப்படும் தூஜாவும் அவள் மகள் வர்தாவும்தான்.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவள் மதாம் வஸீலா. கஸ்பாவின் பழைய வீடுகளைக் காப்பாற்றுவதற்கும், அங்கே வாழ்ந்தவர்களின் கதைகளை ஊருக்குச் சொல்வதற்கும் ஒரு சங்கம் நடத்துகிறாள். மொக்ரானிடம் வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. புறா வீட்டைச் செப்பனிட வெளிநாட்டிலிருந்து நிதி வந்துவிட்டது; வேலை தொடங்கும் நேரத்தில் பின்சுவர் இளக ஆரம்பித்திருக்கிறது; குழாய் எதுவும் உடையவில்லை என்று பார்த்தாகிவிட்டது; பின்பக்கத்து மனையை வாங்கியிருக்கும் ஹோட்டல்காரன் பென்சௌலாதான் சுவரில் தண்ணீர் பாய்ச்சுகிறான், வீடு விழுந்தால் அதையும் சேர்த்து வளைத்துப் போட்டுவிடுவான், அடுத்த வாரம் நகராட்சிப் பொறியாளர் வருவதற்குள் ஆதாரம் வேண்டும் என்று சொன்னாள்.

அடுத்த வாரம் என்பதில் ஒரு விஷயம் இருந்தது. பொறியாளர் வந்து, வீடு தாங்காது என்று கதவில் சிவப்புப் பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டால் அவ்வளவுதான். வீடு இடிப்புக் கணக்கில் சேர்ந்துவிடும். உள்ளே குடியிருப்பவர்களுக்கு ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்பில் ஒரு வீட்டின் சாவி கிடைக்கும். கஸ்பாவில் சாவி என்றால் அந்தச் சாவிதான். அதற்காகவே காத்திருந்து கிழவனானவர்கள் அந்தத் தெருவில் உண்டு.

முற்றத்தில் காலடிச் சத்தம் கேட்டது. சங்கத்தின் ஏற்பாட்டில் வந்த பார்வையாளர்கள், ஏழெட்டுப் பேர். எல்லார் காதிலும் ஹெட்ஃபோன். இந்த வீட்டின் கதையை அதில் தூஜாவின் குரலே சொல்கிறது: அந்தக் காலத்து ஆட்சியாளன் ஒருவனின் மகள் மாடத்தில் புறா வளர்த்ததும், கப்பலில் போன மாப்பிள்ளைக்குப் புறாவின் காலில் பூச்சரம் கட்டி அனுப்பியதும். அவர்கள் தலையை அண்ணாந்து மாடத்தைப் பார்த்து உருகிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை. படம் எடுக்க நின்ற ஒருத்தி அவளுடைய பிளாஸ்டிக் வாளியைக் காலால் மெல்ல ஒதுக்கிவிட்டாள்.

"வாங்க, மனைக்குப் போவோம்," என்றார் மொக்ரான்.

பென்சௌலாவின் மனைக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இரண்டு சந்து, நிறையப் படி. குப்பைக் கழுதை ஒன்று எதிரே வந்ததால் ஒரு வாசற்படியில் ஏறி ஒதுங்கினார்கள். அந்தக் கழுதைக்கும் பென்சௌலாவுக்கும் உள்ள ஒற்றுமைகளை ஹூரியா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் கழுதையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

மனை திறந்துதான் கிடந்தது. விழுந்த வீட்டின் கற்குவியல், காய்ந்த களை, ஒரு துருப்பிடித்த டிஷ் ஆன்டெனா. புறா வீட்டுப் பின்சுவரின் வெளிப்பக்கம் அங்கேதான் தெரிந்தது. மொக்ரான் அதன் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி ஊதினார். புழுதி பறந்தது. சுவரடியில் போன மழைக்காலத்துச் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மேலே அதற்குப் பிறகு ஒரு சொட்டு விழுந்த அடையாளம் இல்லை.

"பென்சௌலா இந்தப் பக்கத்துலேருந்து தண்ணி விட்டிருந்தா, சுவர் இந்தப் பக்கம்தானே முதல்ல நனையணும்?" என்றார்.

"ஹோட்டல்காரன் இல்லையா? நேரா ரூம் சர்வீஸ் பண்ணியிருப்பான்."

"ஹூரியா."

"சரி, சரி. அப்ப தண்ணி உள்ளேருந்துதான்."

பென்சௌலாவை இவ்வளவு சீக்கிரம் விட்டுவிட வேண்டியிருந்ததில் அவளுக்கு வருத்தம். அவன்மேல் அவளுக்கு ஒரு கண் இருந்தது, கெட்ட கண். மொக்ரானுக்கு அது வேறு மாதிரியாக உறைத்தது. ஒரு திருடனைத் தேடி வந்த வீட்டில் திருடன் இல்லையென்றால், மீதி இருப்பது வீட்டுக்காரர்கள்தான். அவர் அந்த எண்ணத்தை உடனே வெளியே சொல்லாமல் திரும்பி நடந்தார்.

சமையலறைக்குள் மறுபடி வந்தபோது பார்வையாளர்கள் போய்விட்டிருந்தார்கள். தூஜா மாடிக்குப் போயிருந்தாள். ஹூரியா சுவரோரமாக உட்கார்ந்து செருப்பில் புகுந்த கல்லைத் தட்டினாள். தட்டியவள் அப்படியே குனிந்து சுவரையே பார்த்தாள்.

"ஸி மொக்ரான், இங்க ஒரு ஊர்வலம் போகுது."

எறும்புகள். தரையிலிருந்து கிளம்பி ஈரச்சுவரில் இடுப்பு உயரம் வரை ஏறி, செங்கல் இடுக்குகளுக்குள் நுழைந்து, எதையோ தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தன. மொக்ரான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒரு எறும்பு கொண்டைக்கடலைத் தோலைச் சுமந்து வந்தது. இன்னொன்று ரவை. சுண்ணாம்புக்குள் விரலை விட்டு எடுத்து முகர்ந்தார். கஞ்சித் தண்ணீர் புளித்த வாடை.

"பென்சௌலாவோட குழாய்ல சூப்பா வரும்?" என்றாள் ஹூரியா. சொல்லி முடிக்கும்போதே அவளுக்கும் விளங்கிவிட்டது. குரல் இறங்கிப்போயிற்று.

கஸ்பாவில் கோடைக்காலத்தில் குழாய்த்தண்ணீர் எப்போது வரும் என்பது குழாய்க்கே தெரியாது. நல்ல தண்ணீரைக் கேனில் தூக்கிக்கொண்டு அத்தனை படி ஏறுகிற யாரும் அதைச் சுவரில் ஊற்ற மாட்டார்கள். கடலை ஊறவைத்த தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர் என்றால் ஊற்றலாம். ஈரம் சுவரில் விசிறி மாதிரி விரிந்திருந்தது. பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி வீசினால் அப்படித்தான் விரியும்.

*

மாடி அறையில் தூஜா அவர்களுக்குக் காப்பி வைத்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தாள். ஒரே அறை, இரண்டு மெத்தைகள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன, மூலையில் மகளின் கல்யாணத்துக்காக வாங்கிய பாத்திரங்கள் பெட்டி பிரிக்காமல் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. வர்தாவுக்கு நிச்சயமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. மாப்பிள்ளை வீட்டிலும் ஒரே அறை. சாவி கிடைத்தால் கல்யாணம் என்று இரண்டு பக்கமும் பேசி வைத்திருந்தார்கள்.

காப்பி நன்றாக இருக்கிறது என்று மொக்ரான் சொன்னார். சமையல் வாசனை தூக்குகிறதே, என்ன சமையல் என்று கேட்டார். கொண்டைக்கடலை போட்டு, ரவையில் செய்யும் கூஸ்கூஸ் என்றாள் தூஜா.

"கடலை ஊறவெச்ச தண்ணிய எங்க ஊத்துவீங்க, லல்லா தூஜா?"

காப்பிப் பாத்திரம் அவள் கையில் அப்படியே நின்றது. வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த வர்தா உள்ளே வந்து, ஊற்றுவது நான்தான், அம்மாவுக்குத் தெரியாது என்றாள். வரிசை தவறாமல் அதைச் சொன்னாள், பல தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்ததுபோல. தூஜா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ரெண்டு பேரும்தான் ஊத்துறோம்," என்றாள். "எதுக்கு அண்ணே சுத்தி வளைக்கறீங்க? போலீஸ்ல இருந்தவர்னு பாத்ததுமே தெரிஞ்சுது."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவளே சொன்னாள். அவளுக்கு நஸீமா என்று ஒரு தங்கை. எதிர்ப்பக்கத்து அறையில் புருஷன் பிள்ளைகளோடு இருந்தாள். ஒருநாள் காலையில் தாழ்வாரத்தில் துணி உலர்த்தும்போது கைப்பிடிச்சுவரோடு சேர்ந்து முற்றத்தில் விழுந்தாள். நீரூற்றின் கல்லில் தலை பட்டு அங்கேயே உயிர் போயிற்று. பிடிக்கப் போன தூஜாவின் கால் அன்றைக்கு உடைந்ததுதான். அதிகாரிகள் வந்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் ஆபத்து என்று குறி போட்டார்கள். நஸீமாவின் புருஷனுக்குச் சாவி கொடுத்தார்கள்.

"எங்க பக்கத்துச் சுவத்தத் தட்டிப் பாத்தாங்க. இது நல்லாத்தான் இருக்கு, நூறு வருஷம் நிக்கும்னாங்க. ஒரு வீட்ல ஒரு பக்கம் மட்டும் எப்படி அண்ணே நிக்கும்? நானும் கேட்டேன். யாரும் பதில் சொல்லல. அதான், நிக்காதுன்னு காட்டணும்னு ஆரம்பிச்சோம்."

"மதாம் வஸீலாகிட்ட உங்க நெலமையச் சொல்லியிருக்கலாமே?" என்றாள் ஹூரியா.

"சொன்னேனே. கதை கேக்க வந்தாங்க. நஸீமா கதையத்தான் முதல்ல சொன்னேன். ரொம்ப நல்லாக் கேட்டாங்க. பழைய காலத்துக் கதை ஏதாவது இருக்கான்னு அப்பறம் கேட்டாங்க. எனக்கு என்ன தெரியும்? புறான்னு பேர் இருக்கே, ஒரு பொண்ண வெச்சு நானே ஒண்ணு கட்டிச் சொன்னேன்."

வேலை நடக்கும்போது வீட்டைக் காலி செய்து தரச் சொன்னார்களா என்று மொக்ரான் கேட்டார். சொன்னார்கள், வேலை முடிந்ததும் திரும்ப வரலாம் என்றார்கள் என்றாள் தூஜா. கீழ்த்தெருவில் அப்படிக் காலி செய்து போன குடும்பத்தின் வீடு இப்போது பளபளவென்று இருக்கிறது, அதில் சுற்றுலாக்காரர்கள் தங்குகிறார்கள், குடும்பம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்று வர்தா இடையில் சொன்னாள்.

படியிறங்கும்போது ஹூரியா முன்னால் போனாள். வாசலுக்கு வந்ததும் மொக்ரான் மதாமுக்குப் போன் செய்தார். அவர் போட்ட கணக்கு எளிமையானது. மதாம் இந்தத் தெருவை நேசிக்கிறவள். தூஜாவின் குரலைத்தான் ஊருக்கெல்லாம் கேட்கவைத்துக்கொண்டிருக்கிறாள். உண்மையை நேராகச் சொன்னால் நகராட்சியில் பேசி ஏதாவது ஒரு வழி செய்வாள். அதனால் சொன்னார்: பென்சௌலா இல்லை. தண்ணீர் ஊற்றுவது தூஜாவும் மகளும்தான், தங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, நேரில் வந்து சொல்கிறேன்.

மறுமுனையில் மேசை இழுப்பறை ஒன்று திறந்து மூடியது. பிறகு, தெளிவாக விழவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள் மதாம். அவர் இன்னொரு தடவை சொன்னார்.

*

சங்கத்தின் அலுவலகமும் ஒரு பழைய வீடுதான், ஆனால் சாகாத வீடு. சுவர்கள் வெள்ளையடித்திருந்தன. முற்றத்து எலுமிச்சை தொட்டியில் வளர்ந்திருந்தது. மதாம் தொலைபேசியில் இருப்பதாகச் சொல்லி உட்காரவைத்தார்கள். மேசைக்கு மேலே கொக்கிகளில் ஹெட்ஃபோன்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வீட்டின் படம்.

ஹூரியாவால் சும்மா உட்கார முடியாது. புறா வீட்டு ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக் கேட்டாள்.

"நல்லாத்தான் பொய் சொல்லுது லல்லா. எனக்கே அந்த மாப்பிள்ளை மேல ஆசை வருது. பின்னாடி நீரூற்றுச் சத்தம் வேற."

"என்ன சத்தம்?"

"நீரூற்று. தண்ணி விழற சத்தம்."

மொக்ரான் கையை நீட்டினார். காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். தூஜாவின் குரல் புறாக்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர். ஆனால் ஊற்று என்றால் ஒரே சீராக விழும். இது விழுந்தது, நின்றது. பிறகு அலுமினியப் பாத்திரம் தரையில் உரசியது. மறுபடி சளேர் என்று விழுந்தது. புறாக்களும் மாப்பிள்ளையும் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் வர்தா சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஹெட்ஃபோனைக் கழற்றினார். "இது எப்ப பதிவு பண்ணினது?"

படத்தின் கீழே போட்டிருந்ததை ஹூரியா படித்தாள். போன வருஷ வசந்த காலம். பதிவு செய்தவர், மதாம் வஸீலா.

அவள் நிமிர்ந்தபோது மதாம் கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. முகத்தில் கலக்கம் இல்லை.

"பார்வையாளர்களுக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும்," என்றாள். "உட்காருங்க."

"உங்களுக்கு ஒரு வருஷமாத் தெரியும்," என்றார் மொக்ரான்.

"தெரியும்."

"அப்ப பென்சௌலா?"

"அவன் நல்லவன்னு நான் எங்கயும் சொல்லலயே. இந்தத் தடவை அவன் செய்யல, அவ்வளவுதான்."

அவள் அதற்குமேல் எதையும் மறைக்கவில்லை. பொறியாளர் வந்து சுவரைப் பார்த்தால் சிவப்புக் குறி நிச்சயம். குறி விழுந்தால் வீடு இடிப்புக்குப் போகும், சங்கத்துக்குக் கிடைக்காது. குடியிருப்பவர்களே வேண்டுமென்று கெடுத்தார்கள் என்று தெரிந்தால் குறி கிடையாது. அவர்களுக்குச் சாவியும் கிடையாது. நகராட்சியே அவர்களை வெளியேற்றி வீட்டைச் சங்கத்திடம் ஒப்படைத்துவிடும். ஆனால் அதைச் சங்கமே போய்ச் சொல்ல முடியாது. அப்புறம் கஸ்பாவில் ஒரு கதவும் அவளுக்குத் திறக்காது, ஒரு வாயும் கதை சொல்லாது. வெளியாள் ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். நேர்மையானவர் என்று பெயர் எடுத்த ஆளாக இருந்தால் நல்லது.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் மொக்ரான்.

"வேண்டாம். போன்ல ரெண்டு தடவை தெளிவாச் சொல்லிட்டீங்க. குரல் சேகரிக்கறதுதானே என் தொழில். நகராட்சிக்கு அனுப்பியாச்சு."

மொக்ரானுக்குக் காது சூடேறியது. வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் வாயிலிருந்து வார்த்தையை வாங்கியவர் அவர். தன் வாயிலிருந்து அதை வாங்கிவிட்டார்கள் என்பதை உணர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உங்களுக்கு நான் ராட்சசியாத் தெரியலாம்," என்றாள் மதாம். அவள் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "ஆனா அந்த வீடு முந்நூறு வருஷமா நின்ன வீடு. அந்த ஓடு மாதிரி இனி ஒருத்தன் செய்யப் போறதில்ல. பத்தாவது மாடியில மூணு ரூம் கெடைக்கணும்னு அத ஒருத்தி பாத்திரத் தண்ணிய ஊத்திக் கரைக்கறா. கட்டடத்துக்கு வாய் இல்ல, ஸி மொக்ரான். அதுக்காக யாராவது பேசணும்."

அவள் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவருக்கு அதிகம் கசந்தது. கண் கலங்கி அவள் தன்னிடம் வந்த நாளும் நினைவுக்கு வந்தது. அந்தக் கண்ணீரும் நிஜம்தான் போலிருக்கிறது. நீல ஓடுகளுக்காக வந்த கண்ணீர்.

ஹூரியா ஹெட்ஃபோனை அதன் கொக்கியில் மாட்டினாள். "கதை நல்லா இருக்கு மதாம்," என்றாள். "அதுல ஆளுங்கதான் உங்களுக்கு எடஞ்சல்."

*

அன்று மாலையே நகராட்சி ஆட்கள் வந்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மொக்ரான் போனபோது தூஜா பாத்திரப் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். தாயும் மகளும் ஊருக்கு வெளியே பரக்கியில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே கார் நிறுத்தும் இடத்தை ஒழித்துத் தருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான். வர்தா அவரைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

மொக்ரான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். போனில் தான் சொன்னது, அது பதிவானது, மதாமுக்கு ஒரு வருஷமாகத் தெரியும் என்பது. தான் ஒன்று செய்ய முடியும் என்றார். நிதி கொடுக்கிறவர்களிடம் போய், வீடு கெடுவதைத் தெரிந்துகொண்டே மதாம் சும்மா இருந்தாள் என்று சொல்ல முடியும். வெட்டாத பதிவை வாங்கிக் கேட்கச் சொன்னால் போதும்.

தூஜா முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். "சொன்னா அவங்க வேலை நிக்குமா?"

"நிக்கும்."

"எனக்குச் சாவி கெடைக்குமா?"

"கெடைக்காது, லல்லா."

"சொல்லுங்க."

"வீடு விழுந்துரும்," என்றாள் ஹூரியா மெல்ல.

"அதுக்குத்தானே இவ்வளவு நாள் ஊத்தினேன்."

பெட்டிகளைப் படியில் இறக்க மொக்ரான் கை கொடுத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றியும் சொல்லவில்லை. ஹூரியா பழைய முதலாளியிடம் கெஞ்சி ஒரு டாக்ஸி வாங்கி வந்திருந்தாள். இரண்டு நடையில் எல்லாம் போய்ச் சேர்ந்தது.

மொக்ரான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நிதி கொடுத்தவர்கள் வெட்டாத பதிவைக் கேட்டு வாங்கினார்கள். அதில் நஸீமா விழுந்த கதையைத் தூஜா ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சொல்லியிருந்தாள். எல்லாம் முடிந்ததும் மதாமின் குரல் கேட்டது. சுவருக்கு ஊற்றுகிற தண்ணீர்ச் சத்தம் இருக்கட்டும், அழகாக இருக்கிறது, தங்கை விஷயத்தை எடுத்துவிடலாம் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது. நிதி நின்றது. மதாம் கொஞ்ச நாள் தலைகாட்டாமல் இருந்தாள். பிறகு வேறு ஊரில் வேறு ஒரு பழைய தெருவில் கதை சேகரிக்கப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. புறா வீட்டுக்கு நகராட்சி பூட்டுப் போட்டது. வர்தாவின் மாப்பிள்ளை வீட்டார், காத்திருந்து பயனில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பென்சௌலா பின்மனையில் அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நவம்பரில் மழை பிடித்தது. விடாமல் பெய்த ஒரு நாளின் காலையில் புறா வீட்டுப் பின்சுவர் போயிற்று. அதைத் தொடர்ந்து தாழ்வாரம், நீல ஓட்டுப் படிகள், எல்லாம் முற்றத்துக்குள் இறங்கின. தெருவே புழுதியும் சேறுமாகக் கிடந்ததாக ஹூரியா வந்து சொன்னாள். செய்தியைத் தூஜாவிடம் யார் சொல்வது என்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. அவளேதான்.

யாரோ சொன்னார்கள், நிஜமா என்று கேட்டாள். நிஜம் என்றார் மொக்ரான். எந்தப் பக்கம் முதலில் விழுந்தது என்று கேட்டாள். உங்கள் பக்கம் என்றார். யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டாள். இல்லை, வீடு பூட்டித்தானே கிடந்தது, உள்ளே யாரும் இல்லை என்றார். அவளுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து அதை இரண்டாம் முறையும் சொன்னார்.

"நாங்க உள்ள இருந்திருந்தா இந்நேரம் வர்தா கையில சாவி இருந்திருக்கும், அண்ணே," என்றாள் தூஜா. போனை வைத்துவிட்டாள்.